பேச்சோ பௌதி

பாகீரதி கல்யாணமாகிக் கல்கத்தாவுக்கு வந்த புதிதில், தெருவில் எல்லோரும் தன் கணவனை 'பேச்சு' என்று கூப்பிடுவதாகத்தான் நினைத்தாள். பொருத்தமான பெயர் என்றும் நினைத்தாள். பட்டாபிராமன் அப்படிப் பேசுகிறவன். பெண் பார்க்க மன்னார்குடிக்கு வந்த அன்றே அவளுடைய அப்பாவையும் சித்தப்பாக்களையும் கண்ணில் நீர் வரச் சிரிக்க வைத்தவன். தமிழும் வங்காளமும் ஆங்கிலமும் அவன் வாயில் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல் புழங்கின. தாத்தா காலத்திலேயே லேக் மார்க்கெட் பக்கம் குடியேறிவிட்ட குடும்பம். டல்ஹௌசியில் ஒரு தேயிலைக் கம்பெனியில் வெளிநாட்டுக் கடிதப் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவனுக்கு.

சில வாரங்களில் வங்காளம் கொஞ்சம் காதில் பிடிபட்டபோது, அது பேச்சு இல்லை, 'பேச்சோ' என்று தெரிந்தது. காய்கறிக்காரர் 'என்ன பேச்சோ தா, இன்னிக்கு சீக்கிரமே கிளம்பிட்டீங்க?' என்று விசாரித்தார். 'தா' என்றால் அண்ணன். முனையில் டீக்கடை வைத்திருக்கும் நிமாய், அவன் வருவதைப் பார்த்ததும் 'பேச்சோ தா வந்தாச்சு' என்று குரல் கொடுத்தான். வங்காளிகள் ஒவ்வொருவருக்கும் செல்லப்பெயர் ஒன்று இருக்கிறது என்பதை அதற்குள் அவள் தெரிந்துகொண்டிருந்தாள். எதிர்வீட்டு வழுக்கைத்தலை வக்கீலைத் தெருவே 'கோக்கோன்' என்றுதான் கூப்பிட்டது. கோக்கோன் என்றால் குழந்தைப் பையன். அப்படியானால் பேச்சோவும் செல்லப்பெயர்தான். தமிழ்க் குடும்பத்துப் பையனுக்குக்கூடச் செல்லப்பெயர் வைத்துக் கொண்டாடுகிறார்களே என்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

மாமியார் ஜகதாம்பாளிடம் ஒருநாள் கேட்டாள்.

"அம்மா, இவருக்கு பேச்சோன்னு யார் பேர் வெச்சா?"

ஜகதாம்பாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"இந்த ஊர்க்காரா ஏதாவது சொல்லிக் கூப்பிடுவா. நீ காதுல போட்டுக்காதே."

அந்த வருஷம் துர்கா பூஜை. நவமி சாயங்காலம் தெருப் பந்தலில் பெண்களுக்குச் சங்கு ஊதும் போட்டி வைத்திருந்தார்கள். கீழ்வீட்டு கோபா தி அவளையும் இழுத்துக்கொண்டு போனாள். 'தி' என்றால் அக்கா; கோபா தியிடம்தான் பாகீரதி வங்காளம் கற்றுக்கொண்டிருந்தாள். மைக் வைத்திருந்த கிளப் செயலாளர் ஒவ்வொருவர் பெயராகக் கேட்டு அறிவித்துக்கொண்டு வந்தார். பாகீரதியின் முறை வந்தது. 'பௌதி' என்றால் அண்ணி, அண்ணன் பெயரோடு சேர்த்துச் சொன்னால் மரியாதை என்று அவள் கற்றிருந்தாள். தெளிவாக, சற்றுப் பெருமையோடு, மைக்கில் சொன்னாள்.

"நான் பேச்சோ பௌதி."

பந்தல் முழுவதும் சிரித்தது. டாக்கு மேளம் அடித்துக்கொண்டிருந்தவர்கள் குச்சியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். பிறகு, சிரித்தவர்களுக்கே என்னவோபோல் ஆகி, ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டார்கள். பாகீரதி சங்கை வைத்துவிட்டு இறங்கினாள்.

கோபா தி அவளைப் பந்தலுக்குப் பின்னால் அழைத்துப் போய் உட்கார வைத்தாள்.

"உனக்கு யாருமே சொல்லலையா?"

"என்ன சொல்லலை?"

"பேச்சோன்னா குடிகாரன். மாதால்னா குடிகாரன், 'பேச்சோ மாதால்'னு சேர்த்துச் சொல்லுவாங்க. பெரிய ஆள், பெரிய பார்ட்டியில குடிக்கிறவனை அப்படிச் சொல்ல மாட்டாங்க. மட்டமான சரக்கை ஊத்திக்கிட்டு, தெருவுல உருண்டு, போறவன் வர்றவன்கிட்ட எல்லாம் வம்பு பண்றவன் இருக்கானே, அவன்."

பாகீரதி கேட்டுக்கொண்டே இருந்தாள். கோபா திக்கு நிறுத்த முடியவில்லை. பேசாமலிருந்தால் இந்தப் பெண் அழுதுவிடுவாள் என்ற பயத்தில் மேலே மேலே சொல்லிக்கொண்டே போனாள்.

"பேச்சோங்கறது ஒரு குட்டிச் சாமி. பஞ்சானந்தன்னு கிராமத்துப் பக்கம் கும்பிடுவாங்க. பிறந்த குழந்தையைப் பிடிக்குமாம். பிடிச்சா குழந்தை நீலம் பாரிச்சு, கைகால் முறுக்கிக்கும், கண்ணு மேல சொருகிக்கும். பேச்சோ பிடிச்சிடுச்சுன்னுவாங்க. குடிச்சிட்டு முறுக்கிக்கிட்டுக் கிடக்கிறவனுக்கும் அந்தப் பேரு அதனாலதான் வந்துச்சுன்னு எங்க வீட்டுல சொல்லுவாங்க. சரியோ தப்போ, எனக்குத் தெரியாது."

அன்றைக்குப் பந்தலுக்கு நாலு வீடு தள்ளி, கிளப் கட்டடத்தின் பின்சுவரோரம் பட்டாபிராமன் கிடந்ததை அவள் பார்த்தாள். தினமும் 'ஆடிட்' என்று சொல்லி அவன் தாமதமாக வருவதும், வாயில் எப்போதும் ஏலக்காய் இருப்பதும், மாமியார் தலை நிமிராததும் அவளுக்கு ஒரே நேரத்தில் புரிந்தன. அவள் கருவுற்றிருந்தாள். அதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் காபியை அவன் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"உங்களை ஊரெல்லாம் என்னன்னு கூப்பிடறதுன்னு தெரியுமா?"

அவன் முதலில் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான்.

"தெரியும். நீ பந்தல்ல சொன்னதும் தெரியும். நிமாய் சொன்னான்."

"வெட்கமா இல்லையா உங்களுக்கு?"

"இருக்கு. ஆனா அந்த வார்த்தையை யோசிச்சுப் பாரு, பாகீ. அதுல திட்டு மட்டும் இல்லை. பேச்சோ பிடிச்ச குழந்தையை யாராவது அடிப்பாளா? அதுவா போய்ப் பிடிச்சுண்டது? எதுவோ வந்து பிடிச்சுடுத்து. வங்காளிக்கு அந்த இரக்கம் இருக்கு."

"உங்களை யாரும் வந்து பிடிக்கலை. நீங்களா நடந்து போய்ப் பிடிச்சுக்கறேள்."

அவன் காபியைக் குடித்து முடித்தான். அன்று முழுவதும் வீட்டிலேயே இருந்தான். அவளுடைய அப்பாவைச் சிரிக்க வைத்த கதைகளை எல்லாம் அவளுக்கும் சொன்னான். சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் கைகள் நடுங்க ஆரம்பித்தன. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

குடிகாரனோடு வாழ்ந்தவர்களுக்கு அந்த வருஷங்களைப் பற்றிப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. மதுவந்தி பிறந்தாள். ஜகதாம்பாள் போய்ச் சேர்ந்தாள். கடைசி நாட்களில் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "கல்யாணம் பண்ணினா சரியாப் போயிடும்னு நினைச்சோம்" என்றாள். பாகீரதி கையை விடுவித்துக்கொள்ளவில்லை. கம்பெனியில் இரண்டு முறை எச்சரித்துவிட்டு மூன்றாம் முறை பட்டாபியை வரவேண்டாம் என்று சொன்னார்கள். பாகீரதி பெரிய கிரைண்டர் ஒன்றை வாங்கிப் போட்டு, லேக் மார்க்கெட்டில் தமிழர் நடத்தும் மளிகைக்கடைகளுக்கு இட்லிமாவு அரைத்துக் கொடுத்தாள்.

எந்த நம்பிக்கையும் மிச்சமில்லாத ஒரு சித்திரை வெயிலில் அவள் கோபா தியிடம் கேட்டாள்.

"அந்த சாமிக்குக் கோயில் இருக்கா?"

"எந்த சாமி?"

"பேச்சோ."

சாந்த்ராகாச்சி ஸ்டேஷனில் இறங்கி, ஆட்டோ மாறி, குளத்தோரமாக நடந்து போனார்கள். ஓட்டுக்கூரை போட்ட ஒரு சின்ன இடம். சிவந்த உடம்பும் பெரிய மீசையும் உருட்டுக் கண்களுமாய்ச் சாமி உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் பெண்கள், மடியில் கைக்குழந்தைகள். ஒரு குழந்தை இருமிக்கொண்டே இருந்தது. பாகீரதி வரிசையில் நின்றாள். மடியில் ஒன்றுமில்லாமல் நின்றவள் அவள் ஒருத்திதான்.

பூசாரி வயதானவர். கயிற்றை எடுத்துக்கொண்டே வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"குழந்தைக்கு வயசு என்னம்மா?"

பாகீரதி தயங்கினாள். பின்னால் பெண்கள் காத்திருந்தார்கள்.

"நாற்பது தாண்டியாச்சு" என்றாள்.

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். பூசாரி சிரிக்கவில்லை. கயிற்றைத் தாம்பாளத்தில் திரும்ப வைத்தார்.

"குடியா?"

தலையசைத்தாள்.

"உன்னை மாதிரி வர்றவங்க உண்டும்மா. பேரைக் கேட்டுட்டு வந்துடுவாங்க. நம்ம சாமி பச்சைக் குழந்தையைப் பிடிக்கும், வேண்டிக்கிட்டா விட்டுடும். இது அவர் பிடிச்சது இல்லை. அவர் பிடிக்காததை அவர் எப்படி விடுவார்?"

ஆனாலும் கோபா தி கெஞ்சியதற்காக ஒரு கயிறு கொடுத்தார். பாகீரதி அதைப் பட்டாபியின் கையில் கட்டினாள். எங்கே போய் வாங்கினாள் என்று தெரிந்ததும் அவன் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, யாரும் சொல்லாமலே, தன்னை ஏதாவது மறுவாழ்வு மையத்தில் சேர்த்துவிடச் சொன்னான். "சாமியை நம்பி இல்லை. அங்கே போய் வரிசையில நின்னியே, அதுக்காக" என்றான்.

மையம் நகரத்துக்கு வெளியே இருந்தது. பல மாதங்கள் கழித்து அவன் வந்தபோது முகம் மெலிந்து, கண் தெளிந்து, பெண் பார்க்க வந்தவனைப்போல் இருந்தான். காலையில் அவனே மாவுப் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு கடைகளுக்குப் போனான். மதுவந்தியைப் பள்ளிக்கூடத்துக்கு மெட்ரோவில் கூட்டிப்போனான். வழியில் ஒவ்வொரு ஸ்டேஷன் பெயருக்கும் ஒரு கதை கட்டிச் சொல்வானாம். அவள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் திருப்பிச் சொல்வாள். அந்தச் சில மாதங்கள்தான் பாகீரதி வாழ்ந்த காலம் என்று சொன்னால் அது மிகையில்லை.

அவனுக்கு ஒரே ஒரு குறை இருந்தது. டீக்கடையில் இன்னும் அவன் பேச்சோதான்.

"நிமாய், நான்தான் விட்டுட்டேனே. பட்டாபின்னு கூப்பிடேன்."

"பொத்தாபி?" நிமாய் முயன்று பார்த்தான். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "வராது தாதா. 'பேச்சோ தா'ன்னு கூப்பிட்டாதான் நீங்கன்னு தெரியுது. இப்ப அது வெறும் பேருதானே? கோக்கோன் தா என்ன குழந்தையா?"

வீட்டுக்கு வந்து பாகீரதியிடம் சொன்னான். முதலில் வேடிக்கையாகத்தான் சொன்னான்.

"குடி விட்டுடுத்து. பேர் விடமாட்டேங்கறது."

"அவா கிடக்கா. நீங்க யாருன்னு எங்களுக்குத் தெரியாதா?"

"உனக்குத் தெரியும். எனக்குத்தான் சந்தேகமா இருக்கு. யாராவது பேச்சோன்னா நான் உடனே திரும்பறேன். பட்டாபின்னா வேற யாரையோ கூப்பிடறாப்பல இருக்கு."

அந்தப் பேச்சைத் தான் இன்னும் கவனமாகக் கேட்டிருக்க வேண்டும் என்று அவள் பின்னால் நினைத்துக்கொண்டதுண்டு. கேட்டிருந்தாலும் என்ன செய்திருப்பாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. விஜயதசமியன்று அம்மனைக் கரைக்க லாரியில் கிளம்பியவர்கள் அவனையும் ஏறச் சொன்னார்கள். ஆற்றங்கரையில் யாரோ ஒருவர் பிளாஸ்டிக் கோப்பையை நீட்டியிருக்கிறார். யாரும் வற்புறுத்தவில்லை. ஈர மண்ணும் குங்குமமுமாக அவனைப் பிடித்துக்கொண்டு வந்து படியில் விட்டார்கள். மதுவந்தி அரிசி மாவில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து உள்ளே போனாள். அதற்கப்புறம் அவள் அப்பாவோடு மெட்ரோவில் போனதில்லை.

மதுவந்தி நன்றாகப் படித்தாள். தமிழைவிட வங்காளம் அவளுக்குச் சரளம். கல்லூரி இரண்டாம் வருஷத்தில் டைபாய்டு வந்து படுத்தபோது, ஸ்னேகா என்ற வகுப்புத் தோழி ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்க வந்தாள். பட்டாபி முன்னறையில் பனியனோடு உட்கார்ந்திருந்தான்.

"வாம்மா, வா. மதுவோட ஃப்ரெண்டா? நான் அவ பாபா" என்றான் வங்காளத்தில், கூடிய மட்டும் மரியாதையாக.

ஸ்னேகா அவனையும் உள்ளறை வாசலில் நின்ற பாகீரதியையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது.

"அங்கிள்... நீங்க... மது சொன்னா, அவ அப்பா..." முடிக்கவில்லை.

பட்டாபி எவ்வளவு குடித்திருந்தாலும் வார்த்தை விஷயத்தில் அறிவு மங்காதவன். மெதுவாக எழுந்தான்.

"சரியாத்தான் சொல்லியிருக்கா. நான் பக்கத்து வீட்டுக்காரன். சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான்.

ஸ்னேகா போனபிறகு பாகீரதி மகள் படுக்கையில் உட்கார்ந்தாள்.

"அப்பா செத்துப்போயிட்டார்னா சொல்லிவெச்சிருக்கே?"

"பின்ன என்ன சொல்றது, மா? பாபா என்ன பண்றார்னு எல்லாரும் கேக்கறா. பேச்சோ மாதால்னு சொல்லவா? செத்துப்போயிட்டார்னா யாரும் மேல எதுவும் கேக்க மாட்டா." ஜுரத்தில் உதடு வெடித்திருந்தது. "நான் அழுதுண்டேதான் சொன்னேன். நிஜமாவே அழுகை வந்தது."

அடிக்கக் கை ஓங்குவோம் என்று நினைத்த பாகீரதி, அவள் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டாள்.

படிப்பு முடிந்ததும் மதுவந்திக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. போனாள். அம்மாவோடு மட்டும் போனில் பேசுவாள்.

போன வருஷம் பட்டாபிக்கு ரத்த வாந்தி வந்தது. கால் வீங்கியது. வயிறு பெருத்துக்கொண்டே போனது. ஈரல் கெட்டுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வயிற்றிலிருந்து குழாய் போட்டு நீரை இறக்கினார்கள். நாலைந்து நாளில் மறுபடி ஊறியது. திருச்சியிலிருந்து பாகீரதியின் அண்ணா துரைசாமி போன் செய்தார். வார்டில் சத்தமாக இருந்ததால் அவள் ஸ்பீக்கரில் வைத்திருந்தாள்.

"போதும்டி நீ பட்டது. அந்த மொடாக்குடியனுக்குச் செய்யவேண்டியதெல்லாம் செஞ்சாச்சு. விட்டுட்டுக் கிளம்பி வா. இங்கே ஒரு ரூம் இருக்கு உனக்கு."

அவள் அவசரமாக அணைத்தாள். கட்டிலில் கண் மூடியிருந்த பட்டாபி சிரித்தான்.

"மொடா. இந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை நாளாச்சு! மிடான்னா பெரிய பானை, தெரியுமோ? அண்டா மாதிரி. வாய்வழக்குல மொடாவாயிடுத்து. பானை பானையாக் குடிக்கறவன் மொடாக்குடியன்." வயிற்றின்மேல் கையை வைத்தான். தோல் பளபளவென்று இழுபட்டு, நரம்பு நீலமாகத் தெரிந்தது. "பாரு. பானையே ஆயாச்சு."

"பேசாம இருங்கோ."

"இல்லை, கேளு. தமிழன் கறாரானவன், பாகீ. வங்காளி, எதுவோ பிடிச்சுதுங்கறான். நம்மவன், நீ குடிச்சே, இவ்வளவு குடிச்சேங்கறான். அவ்வளவுதான். இத்தனை வருஷமா நான் அந்த வங்காள வார்த்தைக்குள்ள ஒளிஞ்சுண்டிருந்தேன். உங்கண்ணா சொன்னதுதான் சரி."

பாகீரதிக்கு எதையாவது எடுத்து அவன் மேல் எறியவேண்டும்போல் இருந்தது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் காபியை அவன் எதிரில் வைத்துவிட்டு அவள் சொன்னதும் இதைத்தான். இப்போது அவனுக்குப் புரிந்து யாருக்கு என்ன? அவள் பக்கத்துக் கட்டில் நோயாளியின் மருந்து பாட்டிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இனி ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்று சொல்லித்தான் டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியது. ஒரு மத்தியானம் கடைகளுக்கு மாவு கொடுத்துவிட்டு வந்தபோது வீடு முழுவதும் நாட்டுச் சாராய வாடை. நடக்க முடியாதவனுக்கு யார் கொண்டுவந்து கொடுத்தது என்று கேட்டுக்கொண்டு நேராக நிமாயிடம் போனாள்.

நிமாய்க்கும் தலை நரைத்துவிட்டது. மறைக்கவில்லை.

"நான்தான் பௌதி. ஜன்னல்லேருந்து கூப்பிட்டார். போய்ப் பார்த்தா குழந்தை மாதிரி அழறார். என்னால பார்க்க முடியலை. அடிங்க, என்னை அடிங்க."

அவனோடு சண்டை போடலாம் என்று வந்தவள், பெஞ்சில் உட்கார்ந்தாள். அவன் டீ கொடுத்தான். குடித்தாள். சண்டைக்கு உடம்பில் எதுவும் இல்லை.

அதற்கப்புறம் அவள் பாட்டிலை ஒளித்துவைப்பதையும் கொட்டிவிடுவதையும் நிறுத்திவிட்டாள். கொடுக்காவிட்டால் அவன் கைகால் இழுத்துக்கொண்டு துடித்தான். ஆஸ்பத்திரியில் திரும்பச் சேர்க்கக் கூட்டிப்போனாள். பார்த்துவிட்டு, இனிமேல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். காலையில் ஒரு சின்ன டம்ளர், சாயங்காலம் ஒன்று என்று அவளே ஊற்றிக் கொடுத்தாள். தண்ணீர் கலந்து கொடுத்தாள். தண்ணீர் கலப்பது அவனுக்குத் தெரியும். கேட்கவில்லை.

தை மாசம் ஒரு சனிக்கிழமை சொல்லாமல் மதுவந்தி வந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. அம்மா அப்பாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு டம்ளரை வாயில் வைத்துக்கொண்டிருந்ததை வாசலில் நின்று பார்த்தாள்.

"என்ன அது?"

பாகீரதி டம்ளரை மறைக்கவில்லை.

"உனக்குப் பைத்தியமா, மா? நீயே கொடுக்கறியா?"

"கொடுக்கலைன்னா ஃபிட்ஸ் வரது."

"அப்போ வரட்டும்!" மதுவந்தியின் குரல் மாடிப்படி வரை கேட்டிருக்கும். பிறகு தாழ்ந்தது. "நான் உன்னைக் கூட்டிண்டு போகத்தான் வந்தேன். வீடு பார்த்துட்டேன், ரெண்டு பேருக்கு. ஒரு ஆளைப் போட்டு இவரைப் பார்த்துக்கச் சொல்லலாம்."

பட்டாபி கண்ணைத் திறந்தான். மகளை அடையாளம் தெரிந்ததா என்று சொல்ல முடியாது. பேச்சு குளறியது. "யாரு, காயத்ரியா?" என்று செத்துப்போன தன் அக்காவின் பெயரைச் சொன்னான்.

மதுவந்தி மறுநாள் மத்தியானம் வரை இருந்தாள். அம்மாவுக்குப் புடவை வாங்கிவந்திருந்தாள். மாவு அரைக்க உதவினாள். இரண்டு பேரும் பெங்களூரைப் பற்றி, ஸ்னேகாவின் கல்யாணத்தைப் பற்றிப் பேசினார்கள். டாக்ஸி வந்தபோது மதுவந்தி கடைசித் தடவையாகக் கேட்டாள்.

"வரமாட்டே, இல்லையா?"

"இவர் இருக்கறவரைக்கும் எப்படிடி?"

"அதுக்கப்புறம் உனக்கு என்ன மிச்சம் இருக்கும்?"

பாகீரதி பையை டாக்ஸியில் ஏற்றிக் கொடுத்தாள். மதுவந்தி அப்பாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. வண்டி ராஷ்பிஹாரி அவென்யூ பக்கம் திரும்பியதும் பாகீரதி படியேறி வந்தாள்.

பட்டாபி படுக்கையை நனைத்திருந்தான். அவள் அவனைப் புரட்டி, விரிப்பை உருவி, வேறு விரித்தாள். கிரைண்டரில் உளுந்து பாதியில் நின்றிருந்தது. போய் சுவிட்சைப் போட்டாள்.

இப்போதும் அப்படித்தான் இருக்கிறார்கள்.